இரவு பத்து மணிக்கு மேட்டுக்கு உடன் வந்தவருக்கும், மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள அனைவருக்கும்,

அம்மா நேற்று மாலை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். இன்று காலை காபியில் சர்க்கரை போதவில்லை என்று தங்கையிடம் குறைபட்டுக்கொண்டார். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் இந்த மடலை எழுத உட்காரும் தெம்பு எனக்கு வந்தது.

என்ன நடந்தது என்பது இதைப் படிக்கும் பெரும்பாலோருக்குத் தெரியும். அதை மறுபடி எழுத மனம் வரவில்லை. நான் அப்போது எங்கே இருந்தேன், யார் யார் கை கொடுத்தார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன். கை பிடித்து நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேரை நான் இன்னும் பார்க்கவே இல்லை. சிலருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது.

நான் முழுநேர ராணுவ வீரன் இல்லை. சிங்கப்பூரில் என் வயது ஆண்கள் பெரும்பாலோரைப் போல, பதினெட்டு வயதில் கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவைக்குப் போய் 2 ஆண்டுகள் முடித்து வெளியே வந்தவன். அதன் பிறகு நாங்கள் எல்லோரும் ரிசர்விஸ்ட். 10 முறை வரை முகாமுக்கு அழைப்பார்கள், ஆண்டுக்கு 40 நாள் வரை. வெள்ளிக்கிழமை வரை அலுவலகத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்போம், திங்கட்கிழமை பச்சை உடையும் பூட்ஸுமாக முகாம் வாசலில் வரிசையில் நிற்போம். வழக்கமாக உள்ளூரிலேயே முடிந்துவிடும். இந்த முறை எங்கள் படைப்பிரிவின் பெயர் வாலபி என்ற வெளிநாட்டு ராணுவப் பயிற்சிக்கு வந்தது. அதாவது ஆஸ்திரேலியா, குவீன்ஸ்லாந்து.

போனவர்களுக்கு அந்தப் பயணம் தெரியும். கிளம்புவதற்கு முன்பே பூட்ஸின் அடிப்பாகத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்க்க வேண்டும். ஒரு விதையோ ஒரு துளி மண்ணோ ஒட்டியிருக்கக் கூடாது, ஆஸ்திரேலியர்கள் அதில் மிகவும் கண்டிப்பு. வாகனத்துக்கும் அதே விதிதான், பைக்கும் அதே விதிதான். ராக்ஹேம்ப்டனில் இறங்கி அங்கிருந்து வடக்கே ஷோல்வாட்டர் பே. 1990 முதல் நம் படைகள் அங்கே போய்க்கொண்டிருக்கின்றன. அந்தப் பயிற்சிப் பகுதி சிங்கப்பூரைப் போல நான்கு மடங்கு பெரியது என்று விளக்கக் கூட்டத்தில் சொன்னார்கள். அது தருமபல் மக்களின் பூர்வீக நிலம். கண்ணுக்கு எட்டிய வரை யூகலிப்டஸ் மரமும் காய்ந்த புல்லும்தான். பகலில் வெயில் தோலை உரிக்கும், விடியற்காலையில் தூங்குபைக்குள் நடுங்குவோம். தூசி எல்லாவற்றிலும் புகுந்துவிடும், துப்பாக்கியைத் துடைத்து வைத்த ஒரு மணி நேரத்தில் மறுபடி துடைக்க வேண்டும். காலையில் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டாமல் யாரும் காலை உள்ளே விடமாட்டோம், சிலந்தி இருக்கும். சாயங்காலம் கங்காருகள் கூட்டமாக வந்து தூரத்தில் நின்று எங்களைப் பார்க்கும்.

பதினெட்டு வயதில் இதெல்லாம் விளையாட்டாக இருந்திருக்கும். ரிசர்விஸ்ட்டாகப் போகும்போது அப்படி இல்லை. இப்போது எங்களுக்கு முப்பது தாண்டிவிட்டது. கூடாரத்தில் படுத்தால் ஒருவன் வீட்டுக் கடனைப் பற்றிப் பேசுவான், இன்னொருவன் கைக்குழந்தையின் காய்ச்சலைப் பற்றிப் பேசுவான். அன்று அம்மா என் பையை அடுக்கி அனுப்பினார். இன்று அம்மாவின் மாத்திரைகளைக் கிழமை வாரியாகப் பெட்டியில் அடுக்கி வைத்துவிட்டு நான் கிளம்பினேன். முகாமுக்கு அழைப்பு வரும் வயதும், பெற்றோருக்கு உடம்பு தளரும் வயதும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. எந்த ஊரிலும் ரிசர்விஸ்ட்டாக இருப்பவர்களுக்கு இது புரியும் என்று நினைக்கிறேன்.

சரி, அம்மா மருத்துவமனையில் இருக்கிறார் என்ற செய்தி வந்த நாளுக்கு வருகிறேன்.

செய்தி வந்த அன்று மாலை, சிறு குழுவான என் செக்‌ஷன் களத்துக்குப் புறப்பட்டது. என்னை முகாமிலேயே இருக்கச் சொன்னார்கள். ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்யத் தொடங்கிவிட்டார்கள், ஆனால் டாக்டர்கள் என்ன முடிவு செய்வார்கள் என்று தெரியவில்லை, எந்த விமானத்தில் இடம் கிடைக்கும் என்றும் தெரியவில்லை. என்னோடு தினமும் சாப்பிட்டு, என்னோடு தூங்கி எழுந்த ஆறு பேரும் வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். நான் காலிக் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் கூடாரங்கள் இருந்த பள்ளத்தில் சிக்னல் கிடைக்காது. கொஞ்ச தூரம் நடந்து ஒரு மேட்டின் மேல் ஏறினால் ஒன்றிரண்டு கோடு வரும். மருத்துவமனையில் பார்வையாளர் நேரம் இரவு எட்டு மணிக்கு முடியும், அப்புறம்தான் தங்கையால் வெளியே வந்து நிதானமாகப் பேச முடியும். குவீன்ஸ்லாந்து நமக்கு இரண்டு மணி நேரம் முன்னால். ஆக நான் பேச வேண்டிய நேரம் அங்கே இரவு பத்து. இருட்டிய பிறகு தனியாக யாரும் கூடாரப் பகுதியைத் தாண்டக் கூடாது. இரண்டு பேராகத்தான் போகலாம், அது விதி. பிளட்டூன் கமாண்டர் அனுமதி கொடுத்துவிட்டார். உடன் வரத்தான் ஆள் இல்லை, என் ஆட்கள் எல்லோரும் களத்தில்.

அப்போதுதான் ஸ்டோர் அங்கிள் எழுந்து வந்தார்.

அவர் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் நாங்கள் கூப்பிடுகிற மாதிரியே எழுதுகிறேன். எங்களைவிடச் சில வயது மூத்தவர், சீனர், சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவர். அவருக்கு இது கடைசி முகாம். இத்தனை ஆண்டுகளில் அவரோடு நான் பேசியது எல்லாம் பேட்டரி வேண்டும், கையெழுத்து எங்கே போட வேண்டும் என்ற அளவில்தான். அவரிடம் போய் உதவி கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்காது. யாரோ அவர் காதில் போட்டிருக்க வேண்டும். பத்து மணிக்குச் சற்று முன் சிவப்புக் கண்ணாடி மாட்டிய டார்ச்சோடு என் கூடாரத்து வாசலில் நின்றார். "போகலாமா?" என்றார். அவ்வளவுதான்.

பாதையில் அவர் முன்னால் நடந்தார். கையில் ஒரு நீளக் குச்சி. பாம்பு இருந்தால் நகரட்டும் என்று புல்லைத் தட்டிக்கொண்டே போவார். மேட்டை அடைந்ததும் எனக்குச் சிக்னல் வருகிறதா என்று பார்த்துவிட்டு, பத்துப் பதினைந்து அடி தள்ளிப் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். நான் தமிழில் பேசுவது அவருக்குப் புரியாது, முகத்தைப் பார்த்தால்தானே புரியும். அந்த முகத்தையும் பார்க்காமல் திரும்பி நின்றார். பேசி முடித்த பிறகும் நான் உடனே நகரவில்லை. அவர் திரும்பவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. நான் நடக்கத் தொடங்கிய சத்தம் கேட்ட பிறகுதான் டார்ச்சைப் போட்டார்.

இறங்கி வரும்போது, "அம்மாவுக்கு எப்படி இருக்கிறது?" என்றுகூட அவர் கேட்கவில்லை. "சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். கிடங்குக்குள் கூட்டிப் போய் ரேஷன் பொட்டலம் ஒன்றைப் பிரித்துக் கொடுத்து, நான் கடைசி வாய் சாப்பிடும் வரை எதிரே பெட்டி மேல் உட்கார்ந்து பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். நான் கேட்கவே தேவையில்லாமல் போனது. காலையில் ஐந்தரைக்கு எழுந்து கிடங்கைத் திறக்க வேண்டியவர் அவர். களத்துக்குப் போகும் வண்டிகளுக்குத் தண்ணீர், ரேஷன், பேட்டரி எல்லாம் அவர் கையால்தான் போக வேண்டும். அந்தத் தூக்கத்தில் கொஞ்சத்தை எடுத்து எனக்குக் கொடுத்தார்.

பகலிலும் என்னைச் சும்மா விடவில்லை. "ஆள் பற்றவில்லை, வா" என்று கூப்பிட்டார். தண்ணீர்க் கேன்களை எண்ணினேன். ரேஷன் பெட்டிகளை முஸ்லிம் நண்பர்களுக்கு உரியவை, சைவம், மற்றவை என்று பிரித்து அடுக்கினேன். சில பெட்டிகளை இரண்டு முறை எண்ணச் சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கையில் வேலை இருந்ததால் மனசு அடங்கி இருந்தது, அந்தப் பகல்கள் எப்படியோ கழிந்தன. நேரத்தைப் பார்க்காமல் பத்து நிமிடம் தாண்டினாலே அன்று எனக்கு அது பெரிய விஷயம்.

அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த அன்று பத்து மணிக்கு நான் அழைத்தபோது யாரும் எடுக்கவில்லை. தங்கையும் எடுக்கவில்லை, மாமாவும் எடுக்கவில்லை. பத்தே கால், பத்தரை. கோடு இருக்கிறது, மணி அடிக்கிறது, எடுக்கத்தான் ஆள் இல்லை. அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியதை எழுத வேண்டாம்.

அன்றுதான் அங்கிள் முதல் முறையாக முதுகைக் காட்டி நிற்பதை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மேல்சட்டைப் பையிலிருந்து ரேஷன் பிஸ்கட்டை எடுத்து உடைத்துப் பாதியை என் கையில் வைத்தார். எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. தன் மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்த வாரம்தான் அந்தப் பிள்ளைக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. கணக்கென்றால் பயப்படுமாம். பரீட்சைக்கு முந்தைய நாள் கூடவே உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பது எப்போதும் அப்பாதானாம். இந்த முறை போனில் இரண்டு கணக்குச் சொல்லிக் கொடுத்தாராம், மூன்றாவது கணக்குக்குள் சிக்னல் போய்விட்டதாம். இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. தனக்கும் வீட்டில் ஒரு கவலை இருந்தது, அதோடுதான் அவர் ஒவ்வொரு இரவும் என்னுடன் மேடேறி வந்திருக்கிறார்.

சிங்கப்பூரில் நமக்கு வானம் தெரிவதே குறைவு. ஊரில் சிறுமியாக இருந்தபோது பார்த்ததாக அம்மா அடிக்கடி சொல்லும் கார்த்திகை மீன்கூட்டம் அன்று வடகிழக்கே நன்றாகத் தெரிந்தது. அங்கிளுக்குக் காட்டினேன். ஆறா ஏழா என்று இருவரும் எண்ணிக்கொண்டிருந்தோம். போன் அடித்தபோது மணி பதினொன்று தாண்டிவிட்டது.

தங்கை சொன்னதைக் கேட்டு நான் மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அங்கிள் பதறிப் போய்விட்டார், கெட்ட செய்தி என்று நினைத்துவிட்டார். நல்ல செய்திதான் என்று கையைக் காட்டினேன். என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டு இப்போதும் எனக்கு வலிக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

மற்றவர்களுக்கும் நான் தனித்தனியாக எழுதத்தான் வேண்டும். முடியவில்லை, மன்னியுங்கள். எனக்காக இரவோடு இரவாக விமானச் சீட்டுக்கு அலைந்த, ஆள் நிர்வாகத்தைப் பார்க்கும் எஸ்1 பிரிவுத் தம்பிகளுக்கும், "பயிற்சியைப் பற்றி யோசிக்காதே, முதலில் அம்மாவைப் பார்" என்று சொல்லி அனுப்பிய கமாண்டிங் ஆபீசருக்கும் நன்றி. ராக்ஹேம்ப்டன் விமான நிலையத்தில் என் சீருடையையும் முகத்தையும் பார்த்து, கேட்காமலே ஒரு கப் தேநீரைக் கொண்டு வந்து வைத்த அந்த ஆஸ்திரேலிய அம்மாவுக்கு நன்றி. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும் நம் பிள்ளைகளை அந்த ஊர்க்காரர்கள் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்கிறார்கள், அவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே இந்த நன்றி. என் துப்பாக்கியை ஒப்படைத்து, நான் விட்டுவிட்டு வந்த பூட்ஸைத் தேய்த்துக் கழுவி, என் பையை மூட்டை கட்டிக் கொண்டுவந்து வீட்டு வாசலில் வைத்த என் செக்‌ஷன் நண்பர்களே, உங்களுக்கு நான் விருந்து வைக்கக் கடமைப்பட்டவன், அம்மா கையாலேயே வைக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். பள்ளி விட்டு வந்த என் பிள்ளைகளைத் தன் பேரப்பிள்ளைகளோடு உட்கார வைத்துச் சோறு போட்ட பக்கத்து வீட்டு மலாய் அம்மா, எங்கள் மக்சிக், மின்தூக்கி பழுதான அன்று சக்கர நாற்காலியோடு அம்மாவைத் தூக்கி இறக்கிய எங்கள் புளோக் இளைஞர்கள், ரத்தம் கொடுக்கக் கிளம்பி வந்த கோவில் நண்பர்கள், விடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத என் மேலதிகாரி, இரவு முழுவதும் அம்மாவிடம் தமிழில் பேசிக்கொண்டே இருந்த அந்தத் தாதி, எல்லோருக்கும் நன்றி. என் மனைவிக்கும் தங்கைக்கும் எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான் இல்லாத வீட்டில் நான் செய்ய வேண்டியதையும் சேர்த்து அவர்கள் இருவரும் செய்தார்கள். முகாமுக்குப் போகிறவனுக்குச் சான்றிதழ் கொடுக்கிறார்கள், அவன் வீட்டில் இருப்பவர்கள் படும் பாடு அதில் வருவதில்லை. அது எனக்கு எப்போதும் உறுத்தும், இந்த முறை அதிகமாகவே உறுத்தியது.

இவ்வளவு பேருக்கு நடுவில் ஸ்டோர் அங்கிளைப் பற்றி மட்டும் ஏன் இவ்வளவு நீளமாக எழுதினேன் என்று சிலர் நினைக்கலாம். சீட்டு வாங்கிக் கொடுத்ததும் ரத்தம் கொடுத்ததும் பெரிய உதவிகள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இரவுகளில் எனக்குத் தேவைப்பட்டது உடன் நடக்க ஒரு ஆள். இரண்டு பேராகப் போக வேண்டும் என்பது ராணுவ விதி. பத்தடி தள்ளி நின்று முதுகைக் காட்ட வேண்டும் என்று எந்த விதியிலும் எழுதவில்லை. கேள்வி கேட்காதே, சாப்பிட்டாயா என்று மட்டும் கேள் என்றும் எழுதவில்லை. விதிப்படி என்றால் அவர் மேட்டடியில் உட்கார்ந்து தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும், யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நாங்கள் படித்த களப்பயிற்சி எல்லாம் பக்கத்தில் இருப்பவனைக் காப்பாற்றுவதைப் பற்றியதுதான். காயத்துக்குக் கட்டுப் போடுவது, தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவது, அதையெல்லாம் ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்து பார்த்திருக்கிறோம். வீட்டிலிருந்து வந்த ஒரு செய்தியால் உட்கார்ந்துபோனவனை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எனக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. கிடங்கில் கணக்கு எழுதுகிறவர் அதைத் தானாகவே செய்தார்.

நேற்று இரவு அவரை அழைத்தேன். அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கணக்குத் தேர்வு பரவாயில்லை என்று மகள் சொல்லியிருக்கிறாள், முடிவு வரட்டும் என்றார். ஒரு நாள் குடும்பத்தோடு வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்று அழைத்தேன். வருகிறேன் என்றிருக்கிறார். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். சீனர்கள் காரம் சாப்பிடுவார்களா என்று படுத்தபடியே கவலைப்பட ஆரம்பித்துவிட்டார்.

அவருக்கு இனி முகாம் கிடையாது. பத்தும் முடித்துவிட்டார், அடுத்த ஆண்டு கிடங்கில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். நான் பட்ட கடனை அவருக்கே திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பு எனக்கு அமையப்போவதில்லை. எனக்கு இன்னும் சில முகாம்கள் இருக்கின்றன. ஆகவே என் படைப்பிரிவு நண்பர்களுக்கு இதை எழுதி வைக்கிறேன். அடுத்த முறை எங்கே போனாலும், இரவில் வீட்டுக்குப் பேச வேண்டியிருந்து உடன் வர ஆள் இல்லை என்றால் என் கூடாரத்துக்கு வாருங்கள். எந்த பிளட்டூனாக இருந்தாலும் சரி, எத்தனை மணியாக இருந்தாலும் சரி. தூங்கிக்கொண்டிருந்தால் உலுக்கி எழுப்புங்கள். என்ன விஷயம் என்று நான் கேட்கமாட்டேன்.